ஊறுகாய் பாட்டிலில் முதற்பலன்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, மில்லர்புரத்திலுள்ள தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரசச் சட்டிக்கும் மோர்ச் செம்புக்கும் நடுவே ஜேசுபாதம் ஓர் ஊறுகாய் பாட்டிலை வைத்தார். பாட்டிலில் ஊறுகாய் இல்லை. கறுப்பாக, கெட்டியாக, சாய்த்தால் மனமில்லாமல் சாய்கிற ஏதோ ஒன்று முக்கால் அளவுக்கு இருந்தது.

“ஏளா கிருபா, இங்கன வா. கையத் தொடச்சிட்டு வா. இது சாதாரணச் சாமான் இல்ல.”

கிருபாபாய் சீலா மீன் துண்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைக்காமல் வந்தாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பொருள் சாதாரணமா இல்லையா என்று பார்த்த பிறகுதான் கை துடைப்பதைப் பற்றி முடிவு செய்வாள்.

“என்னது இது?”

“எண்ணெய்.”

“நல்லெண்ணெயா?”

“கச்சா எண்ணெய் ளா! நம்ம வெளாத்திகுளம் நெலத்துல கம்பெனிக்காரன் குழி போட்டான்லா, அதுல ஊறி நிக்கி. கயித்துல தூக்குவாளியக் கட்டிவிட்டு நானே மோந்தேன். மூடியத் தொறந்து வாசம் பிடிச்சுப் பாரு.”

அவள் பிடித்துப் பார்த்தாள். “பொகை வாசமில்லா அடிக்கி.”

“பின்ன, கச்சா எண்ணெய்ல மல்லியப்பூ வாசமா அடிக்கும்?”

இந்தப் பேச்சுக்குள் அடுப்பில் சீலா கருகிவிட்டது. அந்த வாசத்தையும் ஜேசுபாதம் பாட்டிலின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒருமுறை இழுத்தார்.

எண்ணெயைப் பற்றி அவர் பேசினால் மறுப்பவர் தெருவில் இல்லை. துறைமுகத்தின் எண்ணெய் ஜெட்டியில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆட்கள் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் பேரேட்டில் குறிப்பது அவர் வேலை. ஆயினும் அத்தனை ஆண்டுகள் எண்ணெய்க் காற்றில் இருந்தவர் மூக்குக்கு ஒரு தகுதி உண்டு என்று அவர் நம்பினார். மூக்கும் மறுக்கவில்லை.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயலென்றும் வரப்பென்றும் பாராமல் நேர்கோட்டில் முளை அடித்தார்கள். முளைக்கு முளை சிவப்புத் துணி கட்டினார்கள். இடையிடையே பதினைந்தடிக் குழி போட்டு, வெடி வைத்து, பூமிக்குள் அதிர்வு போய்த் திரும்புவதைக் கம்பி விரித்துக் கேட்டார்கள். இந்த நிதானம் ஊருக்குக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனி கேட்டு முடிப்பதற்குள், விளாத்திகுளத்தில் பரோட்டாக் கடை இந்தியில் பெயர்ப்பலகை வைத்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜ் ‘ஆயில் பேலஸ்’ ஆயிற்று. ஆடு வாங்கப் போனால் ஆட்டுக்காரன், எண்ணெய் வந்தபின் வா என்றான்.

அந்த முளைக்கோடு கிருபாபாயின் நிலத்தின் குறுக்கே போயிற்று. நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்த அவள் தகப்பனார் எவரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, வாழ்நாளெல்லாம் அந்த எவரோவைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த நாலு ஏக்கர் அது. பட்டா அவள் பெயரில் இருந்தது. பேச்சில் ஜேசுபாதத்தின் பெயரில் இருந்தது. சீமைக்கருவேல் தவிர வேறெதுவும் அதில் விளைந்ததில்லை. சிவனாண்டியும் அவன் மனைவி சீனித்தாயும் பத்து வருடமாக அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார்கள்.

“மூணே வருசம்,” என்றார் ஜேசுபாதம், கருகாத துண்டாகத் தேடி எடுத்து. “மூணு வருசத்துல அங்கன கோபுரம் நிக்கும், பைப்பு ஓடும், ராத்திரி தீ எரியும். சிவனாண்டிகிட்ட மூட்டத்த அணைக்கச் சொல்லிட்டேன். எண்ணெய் நிக்க எடத்துல நெருப்ப வச்சா வெளாத்திகுளமே பறந்துரும்லா.”

“பூமிக்கடியில கெடக்கதெல்லாம் கவர்மென்ட்டுக்குச் சொந்தம். பட்டாக்காரனுக்கு இல்ல.”

“கவர்மென்ட்டு சும்மா எடுத்துக்கிடுமா? மரியாதை செய்யும்லா?”

“சரி. யாருகிட்டயாது சொல்லிட்டியளா?”

“அஞ்சு பேருகிட்டதான்.”

அந்த ஐவரில் ஒருவர் எதிர்வீட்டுப் பொன்னுதுரை என்று தெரிந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னுதுரை இரும்புக்கடை வைத்திருந்தார். ஜேசுபாதம் மாடிப்படிக்கு மார்பிள் போட்டால் அவர் கிரானைட் போடுவார். ஒருவர் மகன் கனடா போனால் மற்றவர் மகன் அதற்கும் வடக்கே போக வேண்டும். அவரிடம் சொன்னது கோயில் மணியில் சொன்னதற்குச் சமம்.

மறுநாள் புதன்கிழமை, விடிந்ததும் ஜேசுபாதம் எண்ணெயைக் காவல் காக்க விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடவில்லை. முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, நேரே குருவானவர் வீட்டுக்குப் போனார். பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு மௌனம் வரும் என்று கிருபாபாய் எண்ணிக்கொண்டாள்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: “ஷெர்லிக்கு ஓலை வாசிக்க வேண்டாம்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன். ஒரு வருசம் போவட்டும்.”

அவள் கையிலிருந்த மரக்கால் அரிசியோடு கீழே விழுந்தது.

ஒரே மகள் ஷெர்லிக்கும் சாத்தான்குளத்து ஜெர்சனுக்கும் நிச்சயம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஜெர்சன் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். அவர்கள் சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு ஆராதனையில் திருமண ஓலை வாசிக்க வேண்டும். எவரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். வருகிற ஞாயிறு முதல் ஓலை. மூன்றாம் ஞாயிறுக்குப் பின்வரும் வியாழன் கல்யாணம். அதற்கடுத்த புதன் சாம்பல் புதன். லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை சபையில் கல்யாணம் கிடையாது. ஜெர்சனின் அண்ணன் ஷாம் கப்பல்காரன், அந்த வாரக் கடைசியில் ஏறினால் பத்து மாதம் கழித்துத்தான் இறங்குவான். அவன் இல்லாமல் அந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. பத்து மாதம் தள்ளிய சம்பந்தத்தைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது கிருபாபாய்க்குத் தெரியும். பன்னிரண்டு சம்பந்தம் பார்த்து, பதின்மூன்றாவதாக மகளே தலையசைத்த மாப்பிள்ளை அவன்.

“எதுக்குத் தள்ளணும்?”

“எண்ணெய் கெடச்ச வீடு இது. இனி எஞ்சினியர்லாம் வருவான். அவசரப்படக்கூடாது.”

“அவளுக்கு இருபத்தொம்பது முடியுது.”

“பூமிக்கடியில எண்ணெய் கோடி வருசம் பொறுத்துக் கெடக்குல்லா?”

உள்ளறையில் ஷெர்லி கைபேசியைக் கட்டிலில் எறிகிற சத்தம் கேட்டது. கோடி வருட உவமை அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை, கணவரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, கிருபாபாய் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினாள். குழியைப் பார்க்காமல் குழியைப் பற்றி வாதாடுவது அவள் வழக்கமில்லை.

நிலத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் முளைகளிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஜெயகணேஷ் என்று பெயர். கம்பெனிக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவது அவன் உத்தியோகம்.

“நேத்து சாரு வந்தாங்கம்மா. பாட்டில லேபுக்கு அனுப்புங்கன்னாங்க. எங்களுக்கு எண்ணெய் இருந்தா ரெண்டாயிரம் மூவாயிரம் மீட்டருக்குக் கீழதாம்மா இருக்கும். இது பதினஞ்சடி. வெடி வைக்கப் போட்ட குழி, வேண்டாம்னு விட்டுட்டோம்.”

“அதுக்கு என்ன சொன்னாவ?”

“மேல வந்து நிக்கத எதுக்குவே ரெண்டாயிரம் மீட்டர் தோண்டுதிய, கூறுகெட்ட கம்பெனின்னாங்க.” அவன் துணியை மடித்தான். “இந்த லைன் முடிஞ்சிட்டும்மா. ரிசல்ட்டு வர ஆறு மாசம் ஆவும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதச் சொன்னாத்தான் எல்லாரும் அடிக்க வாராங்க.”

குழிக்குப் பத்தடி தள்ளி மூட்டம் இருந்தது. ஆளுயரத்துக்கு விறகை அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, அடியில் தீ வைத்துவிட்டால், எரியவும் விடாமல் அணையவும் விடாமல் பத்து நாள் காக்க வேண்டும். மண்ணில் ஒரு விரல் வெடிப்பு விட்டாலும் காற்று புகுந்து உள்ளே எல்லாம் சாம்பல். அதற்காகச் சிவனாண்டி பகலும் இரவும் மண்வெட்டியோடு அதைச் சுற்றிவருவான். கிருபாபாய் போனபோது மூட்டத்தின் உச்சியில் நீலப்புகை நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

“வாங்க டீச்சரம்மா,” என்றாள் சீனித்தாய். “இந்த வெயில்லயா வந்திய? சாரு வரலியா?”

“அவியளுக்குத் தெரியாம வந்திருக்கேன்.”

“அப்ப கஞ்சி குடிங்க.”

இரண்டு வாக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று தெரியாவிட்டாலும் கிருபாபாய் வேலமர நிழலில் உட்கார்ந்தாள். கம்பங்கஞ்சி, உரித்த வெங்காயம், சுட்ட கருவாடு. வீட்டில் இரண்டு நாளாக இறங்காத சோறு இங்கே இறங்கியது.

“மூட்டத்த அணைக்கச் சொன்னாவளாமே?”

சிவனாண்டி தலையைச் சொறிந்தான். “சொன்னாவ. பாதி வெந்தத அணைச்சா என்னத்துக்கு ஆவும், டீச்சரம்மா? அதனால சாரு பஸ்ஸ விட்டு எறங்குதது தெரிஞ்சா பொகைக்கண்ண மண்ணு போட்டு அடைச்சிருவேன். போனதும் தொறந்துருவேன். நேத்து ரொம்ப நேரம் இருந்துட்டாவ. மூட்டத்துக்கு மூச்சு முட்டிப்போச்சு.”

அப்போதுதான் கட்டியிருந்த வெள்ளாட்டின் காலை அவள் பார்த்தாள். நாலு குளம்பும் கறுப்பாக மினுங்கின.

“ஆட்டுக்கு என்ன?”

“குளம்புல புண்ணு. மூட்டத்துத் தண்ணி தடவியிருக்கேன்,” என்றாள் சீனித்தாய்.

“அது என்னது?”

சீனித்தாய் எழுந்து குடிசைக்குப் பின்னால் போய், ஒரு பழைய பெயின்ட் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் கிருபாபாய்க்குத் தன் சாப்பாட்டு மேசை நினைவு வந்தது. அதே கறுப்பு. அதே கெட்டி. சாய்த்தால் அதே மனமின்மை.

“மூட்டம் வேர்க்கும்லா, டீச்சரம்மா. பச்ச வெறகு, உள்ள வேகும்போது தாரா வடியும். பத்து வருசமா ஒரே எடத்துல மூட்டம் போடுதோம், பூமி அம்புட்டையும் குடிச்சி வச்சிருந்துச்சு. போன மாசம் மழ வேற. கம்பெனிக்காரன் பக்கத்துலயே பள்ளத்தப் பறிச்சிட்டுப் போனா, வடியாம என்ன செய்யும்? ஆட்டுப் புண்ணுக்குக் கேக்கும். நெலையில கதவுல தடவுனா பத்து வருசம் கரையான் அண்டாது. வேற ஒண்ணுக்கும் ஆவாது.”

கிருபாபாய் டப்பாவை வாங்கி மூடினாள். “இத சாருகிட்ட ஏன் சொல்லல, சிவனாண்டி?”

“எப்படிச் சொல்ல? செவ்வாக்கெழம குழிக்குள்ள எட்டிப் பாத்தாவ. பாத்த மாத்திரத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாவ. ஜெபம் பண்ணுதவிய கிட்டப் போயி குறுக்கப் பேசலாமா? நாங்க வேற சாமி கும்பிடுத ஆளுவ. தப்பா நெனச்சிட்டாவன்னா?”

“இவிய இப்படித்தான், வாயில கொழுக்கட்டை,” என்றாள் சீனித்தாய். “நான் யாருகிட்டயும் எதையும் மறைக்குத ஆளு இல்ல, டீச்சரம்மா.”

அதைத் தற்பெருமை என்று மட்டும் கிருபாபாய் எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஜேசுபாதம் நம்பமாட்டார். நம்பினால் அதைவிடக் கேடு. பொன்னுதுரையின் முகத்தில் விழிக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மாதம் நாசரேத்தில் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். தகப்பன் இல்லாமல் கல்யாணம் ஏது? எண்ணெய் இருந்தாலும் கல்யாணம் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். ஆகவே எண்ணெய் இருக்கவும் கூடாது, இல்லாமல் போகவும் கூடாது, மூன்று ஞாயிறு முடிகிற வரை. இப்படி ஒரு நிலையை எட்டாம் வகுப்புக் கணக்கில் அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜெர்சனுக்கு போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. “செவ்வாக்கெழம ராத்திரியே மாமா வீடியோ கால்ல பாட்டிலக் காட்டுனாவ, அத்தை. ஆட்டிப் பாத்தா தார் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். ஆய்வகத்துல வச்சித்தான் சொல்லணும்னேன். ‘படிச்சவனுக்குப் பாத்ததும் தெரியணும்’னு வச்சிட்டாவ. நான் எண்ணெய்னு சொன்னா, எண்ணெய்க்காரர் வீட்டுக்கு நான் பத்தாது. எண்ணெய் இல்லன்னு சொன்னா, மாமாவ அவமானப்படுத்துனவனுக்குப் பொண்ணு கெடயாது. ரெண்டுலயும் ஷெர்லி போயிருதால்லா?”

“அதனால ரெண்டையும் சொல்லாத. ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரப் பண்டிக. அந்த பாட்டில முதற்பலனாப் படைக்கப் போறாவ. அசனம் முடிஞ்சதும் ஏலத்துக்கு வரும். அது பொன்னுதுரை கையில போச்சுன்னா, திங்கக்கெழம மெட்ராஸ் லேபுல இருக்கும். நீ ஏலத்துல எடுத்துரு.”

“எடுத்து?”

“கொண்டுபோய் உன் ஆய்வக அலமாரியில வச்சிப் பூட்டு.”

சனிக்கிழமை மாலை ஜேசுபாதம் பாட்டிலின்மேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். ‘முதற்பலன். ஜேசுபாதம் எண்ணெய் வயல், விளாத்திகுளம்’ என்று அழகாக எழுதியிருந்தது. நேரம் குறித்தே பழகிய கை, ஓரத்தில் ‘காலை 9.40’ என்றும் எழுதிவிட்டிருந்தது.

“நெலம் யாரு பேருல இருக்கு?” என்றாள் கிருபாபாய்.

“உன் பேருலதான்.”

“வெளஞ்சவன்தான முதற்பலன் படைக்கணும்? அப்ப நான்தான் படைக்கணும். என் பேருல ஐயாகிட்ட சீட்டு எழுதிக் குடுத்துருதேன்.”

ஜேசுபாதத்தின் கை காகிதத்தின்மேல் நின்றது. சபையார் முன்னால் பெண்பிள்ளை பெயரில் எண்ணெய் வயல் போவதை அவர் மனக்கண்ணில் பார்த்தார். அந்தக் காட்சியில் பொன்னுதுரை சிரித்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் நல்லாருக்காது, கிருபா.”

“சரி. பாட்டில் உங்க பேருல போவட்டும். ஓலையும் நாளைக்கே வாசிக்கட்டும். ரெண்டுக்கும் சேத்து இப்பவே ஐயாவுக்கு போன் போடுங்க.”

ஒரு மணி நேரமாவது வாதம் இருக்கும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஜேசுபாதமோ, “நீ இவ்வளவு பிடிவாதம் பிடிச்சா நான் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லி, அடுத்த நொடியே போனை எடுத்தார். தயாரித்த பதில்கள் வீணானதில் அவளுக்குச் சிறு வருத்தம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விளைச்சலின் முதற்பலனைப் படைக்கிற ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பலிபீடத்துக்கு முன்னே வாழைத்தாரும் பனங்கிழங்குக் கட்டும் கருப்பட்டிக் கொட்டானும் காலைக் கட்டிய இரண்டு சேவலும் இருந்தன. அவற்றின் நடுவே, காகிதம் ஒட்டிய ஊறுகாய் பாட்டில். சேவல்கள் அதன் பக்கம் திரும்பவில்லை.

குருவானவர் ஓலையை வாசித்தார். ஜேசுபாதத்தின் குமாரத்தி ஷெர்லிக்கும் சாத்தான்குளம் ஜெர்சனுக்கும் செய்யப்போகும் விவாகத்துக்கு எவருக்கேனும் தடை தெரிந்தால் சொல்லலாம் என்றார். ஜேசுபாதம் தொண்டையைக் கனைத்தார். கிருபாபாய் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கனைப்பு இருமலாக மாறி அடங்கியது. ஒன்று முடிந்தது என்று அவள் மனத்துக்குள் எழுதிக்கொண்டாள். இன்னும் இரண்டு.

வெளியே வேம்படியில் அசன விருந்துக்கு அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. பந்தியில் உண்டவர்கள் உண்டார்கள், தூக்குவாளியில் வாங்கியவர்கள் வாங்கினார்கள். பிறகு ஏலம். அவர்கள் சபை ஏலத்தில் பொருளின் விலைக்கும் கேட்கிற விலைக்கும் உறவு கிடையாது. எல்லாம் கோயிலுக்குப் போவதால், இரண்டு பகையாளிகள் கிடைத்தால் ஓர் எலுமிச்சம்பழம் ஆட்டு விலைக்குப் போகும்.

சபைச் செயலாளர் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கினார். “எண்ணெய்! நம்ம ஜேசுபாதம் அண்ணாச்சி நெலத்துல கர்த்தர் தந்த மொத எண்ணெய்! கேளுங்க!”

பொன்னுதுரை எழுந்தார். புதுச்சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை. “கேக்கதுக்கு முன்னால ஒரு சந்தேகம். எண்ணெய்னு யாரு சொன்னா? நாளைக்கு நான் செப்டிக் டேங்குல மோந்துட்டு வந்து முதற்பலன்னு வச்சா ஏலம் போடுவியளா?”

கூட்டம் சிரித்தது. ஜேசுபாதம் சிவந்தார். “ஏலே பொன்னுதுரை, ஜெட்டியில முப்பத்தோரு வருசம் நின்னவன் சொல்லுதேன்!”

“ஜெட்டியில கொக்கும்தான் நிக்கி. உம்ம மருமகன் கெமிஸ்ட்ரி வாத்தியார்லா? அவரு சொல்லட்டும். ஐயா முன்னால சொல்லட்டும்.”

குருவானவர் ஜெர்சனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாராகப் பந்தியில் உட்கார்ந்து, கறி எலும்போடு போராடிக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பெண்கள் பக்கத்தில் ஷெர்லி தன் சேலைத்தலைப்பைப் பல்லால் கடித்திருந்தாள்.

ஜெர்சன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கினான், சாய்த்தான், மூடியைத் திறந்து முகர்ந்தான். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற குரலில் பேசினான்.

“பரிசோதன செய்யாம ஒரு பொருளுக்குப் பேரு சொல்லுதது எங்க படிப்புல குத்தம். கண்ணால பாத்து சொல்லக்கூடியத மட்டும் சொல்லுதேன். இது மாமா நெலத்துக் குழியில இருந்துதான் வந்திருக்கு. நீங்க சொன்ன டேங்குல இப்படி ஒரு சாமான் கெடைக்காது. பத்த வச்சா எரியும். துணியில பட்டாப் போவாது.”

“எரியுமா?” என்றார் பொன்னுதுரை. “எரிச்சுக் காட்டும்.”

ஒரு குச்சியில் துணி சுற்றி வந்தது. பொன்னுதுரை வேறெவரையும் நம்பாமல் தாமே அதைப் பாட்டிலில் முக்கி, தாமே தீக்குச்சி கிழித்தார். முதலில் சடசடத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. தீயைவிடப் புகை அதிகம், ஆனால் தீதான். “ஸ்தோத்திரம்!” என்று ஒரு கிழவர் கத்தினார். ஜேசுபாதம் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

எரிகிற குச்சியை என்ன செய்வது என்பதைப் பொன்னுதுரை முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. உயர்த்திப் பிடித்தார். கொழகொழவென்று கறுப்புச் சொட்டு ஒன்று சட்டைப் பையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவது, இஸ்திரி மடிப்பின் வழியே மெதுவாக இறங்கியது.

“ஐயோ அண்ணாச்சி, காயுததுக்கு முன்னால சோப்பு போடுங்க! அந்தா அண்டா கழுவுத எடத்துல சோப்பு இருக்கு!” என்று சமையல் பக்கத்திலிருந்து பெண்கள் கூவினார்கள். பொன்னுதுரை குச்சியை மண்ணில் எறிந்துவிட்டு, சட்டையைக் கழற்றியபடியே குழாயடிக்கு ஓடினார்.

கிருபாபாய் ஜெர்சனைப் பார்த்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சையும் எழுப்புகிற பார்வை.

“ஆயிரத்தொண்ணு!” என்றான் ஜெர்சன்.

“ஆயிரத்தொண்ணு ஒரு தரம்!” செயலாளர் சுற்றிப் பார்த்தார். குழாயடியில் பொன்னுதுரை பனியனோடு குனிந்து சோப்பு நுரைக்குள் இருந்தார். “ரெண்டு தரம்! பொன்னுதுரை அண்ணாச்சி, கேக்கியளா?”

“பொறுங்கவே! இது போவமாட்டேங்கு!”

“பொறுக்கச் சொல்லுத வெலை எங்க ஏலத்துல கெடயாது. மூணு தரம்!”

பாட்டில் அன்று மாலையே சாத்தான்குளம் போயிற்று. பொன்னுதுரையின் சட்டை பின்னர் அவர் வீட்டு ஸ்கூட்டர் துடைக்கிற துணியாகக் கொடியில் தொங்கியதைக் கிருபாபாய் பார்த்தாள். ஊர் நடுவில் எண்ணெயை நிரூபித்துக் கொடுத்த மருமகன் என்று ஜேசுபாதம் ஜெர்சனைப் பற்றித் தெருவெல்லாம் சொன்னார். எஞ்சினியர்கள் பேச்சு நின்றுபோயிற்று. இரண்டாம் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறும் வாசித்தார்கள். எவரும் தடை சொல்லவில்லை, கனைக்கவும் இல்லை. இதற்கிடையே கம்பெனி கரிசலை விட்டு, தருவைகுளத்துக்கு நேரே கடலில் பார்க்கப் போவதாகப் பேச்சு. தருவைகுளத்துக்காரர்கள் வலை காயப்போட்ட நேரம் போக மீதி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்த மூன்றாம் ஞாயிறு பிற்பகல், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், சிவனாண்டியின் வண்டி பத்து மூட்டை அடிமரத்துத் தூர்க்கரியோடு வாசலில் வந்து நின்றது. பிரியாணிக்கு என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனான். மூட்டம் ஒரு வெடிப்பும் விடாமல் வெந்திருந்தது. கரியைத் தட்டினால் வெண்கலம்போல் சத்தம் வந்தது.

கிருபாபாய் மூட்டைகளை எண்ணிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஜேசுபாதம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொல்லைக்கதவின் மரநிலைக்குக் கறுப்பாக ஏதோ தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா.

“என்ன செய்யுதிய?”

“கரையான் ஏறுதுலா. இதத் தடவுனா பத்து வருசத்துக்கு அண்டாது. சிவனாண்டிகிட்ட குடுத்துவிடச் சொன்னேன்.”

“பத்து வருசம்னு யாரு சொன்னா?”

“சீனித்தாய்.”

அவள் டப்பாவை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“எப்ப சொன்னா?”

ஜேசுபாதம் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தார். “ரெண்டாம் நாளு. புதன்கெழம. டப்பாவ மூக்குக்கு நேரா நீட்டுதா. மறைக்கவா முடியும்?”

“புதன்கெழம சாயங்காலம்தான ஐயா வீட்டுக்குப் போயி ஓலைய நிறுத்துனிய?”

“ஆமா.”

“இது கரிமூட்டத்துத் தாருன்னு தெரிஞ்ச பொறவா?”

“தெரிஞ்ச பொறவுதான்.” இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தார். “செவ்வாக்கெழமயே பொன்னுதுரைகிட்ட எண்ணெய்னு சொல்லிட்டேன் ளா. எண்ணெய் கெடச்சவன் அந்த வாரமே வாத்தியாருக்குப் பொண்ணக் குடுத்தா, அவன் நம்புவானா? அதான் தள்ளுனேன். பொறவு சனிக்கெழம நீ வந்து மல்லுக்கு நின்னியா, பெரிய நிம்மதி. பொண்டாட்டி விடலன்னு சொல்லிக்கிடலாம்லா.”

கிருபாபாய் நிலையில் சாயப்போய், ஈரம் என்று நினைவு வந்து, நேராக நின்றாள். தான் பல்வலி என்று பொய் சொன்ன வியாழக்கிழமைக்கு ஒரு நாள் முன்பே இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ தப்பான விடைகளை அவள் திருத்தியிருக்கிறாள். இவ்வளவு தப்பான விடைக்கு இவ்வளவு பிசகில்லாத வழிமுறையை அவள் கண்டதில்லை. வழிமுறை சரியாக இருந்தால் அதற்கு உரிய மதிப்பெண்ணை அவள் எந்தப் பிள்ளைக்கும் குறைத்ததும் இல்லை.

குனிந்து பார்த்தாள். நிலையின் அடிமூலையில் இரண்டு விரல்கடை இடம் வெளுப்பாக நின்றது.

“அந்த மூலைய விட்டுட்டிய,” என்றாள்.